ஓகஸ்ட் வெயிலில் வெந்நீரூற்றும் மலைக்குளமும்: திருகோணமலையிலிருந்து ஜீப்பில் போக வழி சொல்லுங்கள்

உப்புவெளிப் பெடியன்

வணக்கம். கொஞ்சம் நீளமாகக் கேட்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன், வன்கூவரில் இருக்கிறார். பதினாலு வருடத்துக்குப் பிறகு இந்த ஓகஸ்டில் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறார். அவருக்கு அங்கே ஒரு பழக்கம். கோடை வந்தால் போதும், கூடாரத்தை வண்டியில் கட்டிக்கொண்டு மரலொறிகள் ஓடும் காட்டு ரோட்டில் இறங்கிவிடுவார். லில்லூவெட் என்று ஒரு ஏரியாம். அதன் கரையோரமாகக் குலுங்கிக் குலுங்கிப் போனால் ஆற்றுப் பக்கம் ஒரு வெந்நீரூற்று வருமாம். அதில் கழுத்துவரை ஊறியிருந்துவிட்டு, அடுத்த நாள் பனி கரைந்த மலை ஏரியில் குதிப்பாராம். வாரத்துக்கு ஒரு வீடியோ அனுப்புகிறார். பார்க்கும்போதே எனக்குப் பல் கிட்டுகிறது.

இப்போது அவர் சொல்வது இதுதான்: "உங்களிடமும் கன்னியா வெந்நீரூற்று இருக்கு. உள்ளுக்குள் ஆள் போகாத ஊற்றும் இருக்கும், மலையில் ஏரியும் இருக்கும். ஒரு ஜீப்பைப் பிடி, போவோம்."

நான் பிறந்து வளர்ந்தது உப்புவெளி. கன்னியாவுக்குக் கடைசியாகப் போனது அம்மப்பாவின் அந்தியேட்டிச் சடங்குக்கு. ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றினோம், ஈரத்தோடு வந்து வானில் ஏறினோம், அவ்வளவுதான் ஞாபகம். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "இந்த வெக்கைக்குள்ள சுடுதண்ணியில் குளிக்க ஒருவன் கனடாவிலிருந்து வாறானா?" என்று சிரித்தவர் இன்னும் நிறுத்தவில்லை.

ஆறு பேர், அதில் இரண்டு சின்ன ஆட்கள் (9 வயது, 12 வயது). நாலு நாள். ஜீப் வாடகைக்கு எடுக்கலாம். நான் இதுவரை ஓட்டியது கார், வான். நாலு சில்லும் இழுக்கிற வண்டியில் கை வைத்ததில்லை. எந்த ஜீப் எடுப்பது, எந்தப் பக்கம் போவது, மகாஓயா வெந்நீரூற்று வரை போகலாமா, மலையில் உண்மையிலேயே ஏரி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியாக்காரன்

தம்பி, மகாஓயாவுக்குத் தாராளமாகப் போகலாம், ஜீப்பே தேவையில்லை. மூதூர், வெருகல், வாகரை, வாழைச்சேனை என்று கடற்கரைப் பக்கமாக இறங்கிச் செங்கலடியில் வலப்பக்கம் திரும்பினால் பதுளை ரோட்டு. கரடியனாறு, புல்லுமலை தாண்டினால் மகாஓயா. எல்லாம் தார் ரோட்டு. போக மட்டும் நாலு மணித்தியாலம் வையுங்கள், நடுவில் மூதூரில் தயிர்ச்சட்டி வாங்க அரை மணித்தியாலம் தனி.

எங்கட வாப்பா இதே ரோட்டில் நெல்லு லொறி ஓட்டியவர். அப்போது பாலம் இல்லை, பாதைதான், அதாவது வண்டியை ஏற்றித் தண்ணீரைக் கடத்துகிற மிதவை. கிண்ணியாவில் ஒன்று, அதற்கப்பால் இன்னும் சில. பாதை வருமட்டும் லொறிக்கடியில் பாய் விரித்துப் படுத்திருப்பாராம். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009-ல். இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் 'பாதை' என்றால் நடக்கிற பாதை மட்டும்தான் தெரியும்.

ஆனால் ஒன்று. மகாஓயாத் தண்ணி கன்னியாத் தண்ணி இல்லை. கன்னியா நாற்பது பாகையைச் சுற்றித்தான் இருக்கும், பிள்ளைகள் சும்மா விளையாடலாம். மகாஓயாவில் சில கிணறு 55 பாகை வரும். அள்ளி அப்படியே தலையில் ஊற்றினால் தோல் போய்விடும். எங்கட மச்சினன் ஒருவர் காலை விட்டுப் பார்த்தார், அன்று முழுக்கச் செருப்பில்லாமல் திரிந்தார். வாளியில் எடுத்து ஆறவிட்டுக் குளியுங்கள். சின்னவர்களைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஜீப்

தம்பி, கேள்வியை வாசித்தேன். எந்த ஜீப் என்று கேட்கிறீர்கள். எத்தனை மணிக்கு என்று நீங்கள் கேட்கவேயில்லை. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது மிட்சுபிஷி ஃபோர் டீஆர் ஃபைவ். ஊரில் பாதிப் பேருக்கு அதன் சத்தம் கேட்டாலே நான் வருவது தெரியும். ஏசி கிடையாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது, மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். முப்பது வருடமாக அதில்தான் இந்தக் காடெல்லாம் சுற்றுகிறேன். அதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. இந்தப் பக்கத்தில் ரோட்டைவிட நேரம்தான் கடினமானது. காலை ஆறரைக்குச் சைக்கிளில் போகக்கூடிய கிறவல் ரோட்டில், மாலை ஆறரைக்கு ஒரு லட்சம் ரூபாய் டயர் போட்ட ஹைலக்ஸும் போக முடியாது. நடுவில் யானை நிற்கும்.

சரி, வெந்நீருக்கு வருவோம். உங்கள் அம்மா சிரித்தது நியாயம். ஓகஸ்டில் கச்சான் காற்று அனலாக அடிக்கும், பகலில் 36, 37 பாகை போகும். பகல் பன்னிரண்டு மணிக்குக் கன்னியாவில் நின்றால் வெந்நீரா வெயிலா சுடுகிறது என்றே தெரியாது. உங்கள் அண்ணன் போகிற இடத்தில் கோடையிலும் இரவு குளிரும், அதனால் ஊற்று அவருக்குச் சுகம். நமக்கு அந்தச் சுகம் கிடைப்பது விடியற்காலையில் மட்டும். கன்னியா, திருகோணமலை டவுனிலிருந்து எட்டுக் கிலோமீற்றர்தான். கதவு திறக்கிற நேரத்துக்குப் போய் நில்லுங்கள், டிக்கெட் எடுங்கள், முதல் வாளி உங்களுடையதாக இருக்கட்டும். ஏழு கிணறும் ஒரே இடத்தில் இருந்தும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. பிள்ளைகளிடம் சொல்லி எது கூட, எது குறைவு என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கள், அரை மணித்தியாலம் சத்தமில்லாமல் இருப்பார்கள். தாய்க்குக் கடன் கழிக்க இராவணன் ஏழு இடத்தில் குத்திய கதையையும் அங்கேயே சொல்லுங்கள், ஈரத்தலையோடு கேட்டால்தான் அந்தக் கதை ஏறும். சவர்க்காரம் போடவேண்டாம். அங்கே கடன் கழிக்க வந்து நிற்கிற குடும்பங்கள் இருக்கும், வீடியோ எடுக்கும்போது அவர்கள் முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது என்னுடைய பழைய கோபம், விட்டுவிடுகிறேன்.

அண்ணன் 'எரிமலையா' என்று கேட்பார். வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்கி, நிலத்தடிச் சூட்டில் காய்ந்து, வேறு வெடிப்பால் மேலே வருகிறது. ஹைலண்ட், விஜயன் என்று இரண்டு பெரிய பாறைத் தொகுதிகள் நாட்டின் கிழக்குப் பக்கத்தில் சந்திக்கின்றன. அந்த எல்லைக்கோட்டை ஒட்டித்தான் கன்னியாவிலிருந்து அம்பாந்தோட்டை மகாபெலஸ்ஸ வரை ஊற்றுகள் வரிசையாக இருக்கின்றன. மகாஓயாவும் அதே வரிசை.

ஆள் குறைந்த ஊற்று வேண்டுமென்றால் மட்டக்களப்பு வரை ஓடத் தேவையில்லை. நம் மாவட்டத்திலேயே ரன்கிஹிரிய இருக்கிறது. அனுராதபுர ரோட்டில் பன்குளம் போய் அங்கிருந்து கோமரங்கடவல, நம் பழைய ஆட்களின் வாயில் குமரேசன்கடவை. அதற்கப்பால்தான் உங்கள் அண்ணன் கேட்கிற குலுக்கல் தொடங்கும். நான் ஐந்து மணிக்குத் திருமலையில் பிளேன்ரீ குடித்துவிட்டுக் கிளம்புவேன். பன்குளத்தில் வெளிச்சம் வந்துவிடும். யானை கடந்து முடித்துக் காட்டுக்குள் போயிருக்கும். புதுச் சாணம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆவி பறந்தால் வண்டியை நிறுத்தி இன்னொரு பிளேன்ரீ குடியுங்கள், ஃபிளாஸ்க் எதற்கு இருக்கிறது? ஹோர்ன் அடிக்காதீர்கள். மின்வேலிக் கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். நீங்கள் மறந்துவிட்டுப் போகிற கதவால் அன்றிரவு ஒருவருடைய சோளம் போகும்.

பாலைப்பழக் காலம் முடிந்திராவிட்டால் இன்னொரு எச்சரிக்கை. ரோட்டோரத்தில் சின்னப் பெடியள் கொட்டைப்பெட்டியில் வைத்து விற்பார்கள், வாங்கித் தாராளமாகத் தின்னுங்கள், உதட்டில் பால் ஒட்டும், பரவாயில்லை. ஆனால் மரத்தடிக்கு நீங்களே பொறுக்கப் போகாதீர்கள். கரடிக்கும் அது பிடிக்கும். யானை வருகிறது என்றால் கொஞ்சமாவது தெரியும், கரடி திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

இனி என் வெட்கக்கேடு. ஐந்தாறு வருடத்துக்கு முந்தி இதே ஓகஸ்ட். ரன்கிஹிரிய போய் வந்த வழியில் ஒரு குளம். தண்ணீர் நடுவுக்குப் போய்விட்டது, சுற்றிவரக் காய்ந்த தரை. மேல்மண் வெடித்து, ஒவ்வொரு துண்டும் அடுப்பில் வைத்த அப்பளம்போல் ஓரம் தூக்கிக்கொண்டு கிடந்தது. கூட வந்தவர், படம் எடுக்கக் கிட்டப் போவோம் என்றார். இறங்கி நடந்து பார்த்தேன், கால் புதையவில்லை. சரி என்று ஜீப்பை இறக்கினேன். முப்பது யார் தூரம் போயிருப்பேன். முன் சில்லு இரண்டும் சத்தமே போடாமல் உள்ளே போயின. மேலே நாலு விரல் கனத்துக்குத்தான் காய்ந்திருக்கிறது, கீழே கறுப்புச் சேறு, அழுகின தாமரைக்கிழங்கு மணம். என்னைத் தாங்கும், ஒன்றரைத் தொன்னைத் தாங்காது. இதை யோசிக்க எனக்கு முப்பது வருடம் போதவில்லை. ஃப்ரீவீல் பூட்டி, லோ கியர் போட்டு, ரிவேர்ஸ் எடுத்தேன். அச்சு வரை இருந்தது அடிச்சட்டம் வரை போனது. மண்வெட்டியும் பலகையும் எடுத்து இரண்டு மணித்தியாலம் மாய்ந்தோம். நேரம் மூன்றரை. நாலரைக்கு யானை தண்ணீர் குடிக்க வருகிற குளம் அது, கரையெல்லாம் தடம் கிடக்கிறது.

அந்த நேரத்தில்தான் குளக்கட்டில் லாண்ட்மாஸ்டர், அந்த இரண்டு சில்லு உழவு மெஷினின் சத்தம் கேட்டது. சிங்கள ஐயா ஒருவர், அறுபது வயதிருக்கும், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். வந்து எங்களைப் பார்க்கவில்லை, முதலில் வெயிலைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் போய் விழுந்த கிளைகளை வெட்டி வந்து சில்லுக்கடியில் குறுக்காக அடுக்கச் சொன்னார். டயரில் காற்றைப் பாதியாக இறக்கச் சொன்னார். லாண்ட்மாஸ்டரைக் குளக்கட்டிலேயே, கெட்டித்தரையில் வைத்துக்கொண்டு கயிறு போட்டார். தானும் இறங்கி மாட்டிக்கொள்கிற புத்தி அவரிடம் இல்லை. மூன்றாவது இழுப்பில் ஜீப் சப்பென்று ஒரு சத்தத்தோடு வெளியே வந்தது. காசு நீட்டினேன், கையால் தள்ளினார். திருகோணமலையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த முறை வரும்போது கருவாடு கொண்டுவா, கடையில் வாங்குகிறது வெறும் உப்பு என்றார். பத்து நாள் கழித்து ஒரு கிலோ கட்டாக் கருவாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு தரம் போகிறேன்.

அதனால் எந்த ஜீப் என்று கேட்டால், டயர் நல்லதாக இருக்கிற எதுவும் சரி. எடுக்கும்போது ஸ்பெயார் டயரைக் கழற்றிப் பாருங்கள், ஜாக்கி வேலை செய்கிறதா பாருங்கள். கயிறு, மண்வெட்டி, காற்றுப் பம்பு, இருபது லீற்றர் குடிதண்ணீர் வேண்டும். மணலில் 30 பிஎஸ்ஐயிலிருந்து இருபதுக்கு இறக்கினால் போதும், தார் ரோட்டுக்கு வந்ததும் ஏற்ற மறக்கவேண்டாம். வாகனத் தடம் இல்லாத இடத்தில் வண்டியை விடாதீர்கள், நீங்களும் நடக்காதீர்கள். ஏன் என்று நம்மூர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளைப் பிடுங்கியாகிவிட்டாலும் அந்தப் பயம் எனக்கு நல்லதாகத்தான் படுகிறது.

காணாத குளத்தில் குளிக்கவேண்டாம். எந்தக் குளத்துக்கும் ஊர் ஆட்கள் இறங்குகிற துறை ஒன்று இருக்கும், அதைக் கேட்டு அங்கே மட்டும் இறங்குங்கள். மற்ற இடம் முதலைக்கு. கோடையில் தண்ணீர் வற்றும்போது எல்லா முதலையும் மிச்சமுள்ள தண்ணீருக்குத்தான் வந்து சேரும். வனவள, வனஜீவிப் பலகை போட்ட எல்லைக்குள் அனுமதி இல்லாமல் போகவேண்டாம், கூடாரம் அடிக்கவேண்டாம், இந்தக் காய்ச்சலில் நெருப்பு மூட்டவே வேண்டாம்.

கப்புரெல்ல என்று அம்பாறைக் காட்டுக்குள் ஓர் ஊற்று இருக்கிறது. உண்மையிலேயே 'ஆள் போகாத' இடம் அதுதான். பிள்ளைகளோடு இந்த முறை வேண்டாம். அனுமதி, வழிகாட்டி, நடை எல்லாம் வேண்டும். உங்கள் அண்ணன் இன்னொரு முறை தனியாக வரட்டும்.

உப்புவெளிப் பெடியன்

அண்ணை, மிக்க நன்றி. ஸ்பெயார் டயரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னீர்களே, இன்று பின்னேரம் போய்ப் பார்த்தேன். மேலே உறை நல்லது, உள்ளே கம்பி தெரிகிறது. வேறு ஜீப் பார்த்துவிட்டேன்.

மலை ஏரி பற்றி யாரும் சொல்லவில்லையே? மௌஸ்ஸாகலையில் தண்ணீர் வற்றினால் பழைய ஊரும் கோயிலும் வெளியே தெரியும் என்று படம் பார்த்தேன். ஓகஸ்ட் கோடைதானே, அதைக் காட்டலாம் என்று நினைக்கிறேன்.

மஸ்கெலியா மழை

அண்ணே, ஓகஸ்ட் உங்களுக்குத்தான் கோடை. எங்களுக்கு மழை!

பழைய மஸ்கெலியா டவுன் மௌஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்குள் போனது 1960-களின் கடைசியில். எங்கள் பாட்டி அந்த டவுனில் தேங்காய் வாங்கிய கதை சொல்லும். கோயில் வெளியே வருவது வருசத்தின் தொடக்கத்துக் காய்ச்சலில், மாசி, பங்குனிப் பக்கம், அதுவும் தண்ணீர் நன்றாக இறங்கின வருசத்தில். வைகாசி கடைசியில் தென்மேற்கு மழை தொடங்கினால் தேக்கம் ஏறிவிடும். ஓகஸ்டில் வந்தால் ஒரு பெரிய சாம்பல் தண்ணீரும் அதன்மேல் மூட்டமும் தெரியும். குடை பிடித்துக்கொண்டு பிள்ளைகளிடம் "அதோ அங்கே கீழே ஒரு கோயில் இருக்கு" என்று சொல்லலாம். நம்புவார்களா தெரியாது. புல்லில் கால் வைத்தால் அட்டை. கம்பளி இல்லாமல் வரவேண்டாம்.

ஒரு விசயம் எல்லோருக்கும். இங்கே மலையில் இருக்கிற பெரிய தண்ணீரெல்லாம் கட்டின தண்ணீர்தான். காசல்ரீ, மௌஸ்ஸாகலை மின்சாரத்துக்கு, நுவரெலியா கிரகரி ஏரி 1873-ல் ஆளுநர் கிரகரி காலத்தில் கட்டியது. கனடா அண்ணன் பனி ஏரி கேட்டால் நாங்கள் எங்கே போவது? ஆனால் தண்ணீர் சில்லென்று இருக்கும், அதற்கு நான் பொறுப்பு.

பழைய ஜீப்

மஸ்கெலியாத் தங்கச்சியோ தம்பியோ, சரியாகச் சொன்னீர்கள். நாடு சின்னது, காலம் இரண்டு. மலைக்கு இந்தப் பக்கம் காயும்போது அந்தப் பக்கம் நனையும்.

நடுவில் ஒரு கோடு இருக்கிறது தம்பி, அதைப் பிடியுங்கள். நக்கிள்ஸ் மலையின் கிழக்குச் சரிவு. ஓகஸ்டில் மழை மேற்குப் பக்கத்தோடு நின்றுவிடும், காற்று மட்டும் மேலேறி இந்தப் பக்கம் விழும். கந்தளாய், ஹபரண, தம்புள்ளை போய், நாவுலவில் இடப்பக்கம் எலஹெர ரோட்டில் திரும்புங்கள். முதலில் மொரகஹகந்த நீர்த்தேக்கம், அம்பன் கங்கையை மறித்துக் கட்டியது, 2017-ல் தண்ணீர் நிரப்பத் தொடங்கினார்கள். அதற்கப்பால் லக்கலப் பக்கம் களுகங்கை நீர்த்தேக்கம். களுத்துறைக்கு ஓடுகிற களுகங்கை இல்லை, இது அம்பன் கங்கையில் சேருகிற வேறு ஆறு. பழைய பல்லேகம டவுன் இதற்குள்ளே. மேட்டில் புது டவுன் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், ரோட்டெல்லாம் நேராக இருக்கும், மரங்கள் இன்னும் வளர்ந்து முடியவில்லை. மலைச்சுவர் அப்படியே தண்ணீரில் விழுந்து கிடக்கும். உங்கள் அண்ணன் அனுப்பும் வீடியோவுக்கு நம்மிடம் பதில் இருக்கிறதென்றால் அது இதுதான். பனி மட்டும் இல்லை.

இங்கேயும் நேரம்தான். அங்கே இரவு தங்கி, விடிய இலுக்கும்புர வழியாகப் பிட்டவலப் பத்தனை ஏறுங்கள். ஏழு மணிக்குப் புல்வெளியில் நின்றால் கீழே எல்லாம் தெரியும். பகல் கடந்தால் ரிவஸ்டன் இடுக்கால் மூட்டம் வந்து வாசலை அடைத்துவிடும், காற்றில் ஜீப் கதவைத் திறக்க இரண்டு கை வேண்டும். என் கதவு ஒன்று இன்னும் சரியாகச் சாத்தாததற்குக் காரணம் ரிவஸ்டன்தான். ரோட்டு ஒடுக்கம், வளைவில் ஏறுகிற வண்டிக்கு இடம் விடுங்கள். இறங்கும்போது பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே வராதீர்கள், இரண்டாம் கியரில் விட்டு வாருங்கள். பிரேக் மணக்கத் தொடங்கினால் நிறுத்திவிட்டு வேடிக்கை பாருங்கள்.

போகும்போதும் வரும்போதும் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவில் பொழுதுபடுகிற நேரத்தில் இருக்கவேண்டாம். ஓகஸ்டில் மின்னேரியா, கவுடுல்லைக் குளங்களில் தண்ணீர் இறங்கிப் புல் முளைக்கும், அதற்கு யானைகள் கூட்டமாக வரும். கூட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் டிக்கெட் எடுத்து சஃபாரி ஜீப்பில் பின்னேரம் உள்ளே போய்ப் பாருங்கள், ரோட்டில் நின்று பார்க்கவேண்டாம். சிலர் யானைக்கு வாழைப்பழம் போடுகிறார்கள். அடுத்ததாக வருகிறவருடைய கண்ணாடி உடைகிறது.

ஒன்று சிரிக்கச் சொல்கிறேன். நம் கொட்டியாரத்தில் 1660-ல் பிடிபட்ட ஆங்கிலேயப் பெடியன் ரொபர்ட் நொக்ஸ், கண்டி இராச்சியத்துக்குள் பத்தொன்பது வருடம் மாட்டிக்கொண்டார். கடலிலிருந்து மலைக்கு வந்தது நடந்துதான். உங்களுக்கு நாலு நாளும் ஒரு ஜீப்பும் இருக்கிறது. அவசரப்படவேண்டாம்.

கிண்ணியாக்காரன்

நொக்ஸுக்குக் கருவாடு கொடுத்திருந்தால் விட்டிருப்பார்கள்.

உப்புவெளிப் பெடியன்

போய் வந்துவிட்டோம். கேட்டவர்களுக்காகச் சுருக்கமாக.

முதல் நாள் கன்னியா. எங்களுக்கு முன் இரண்டே குடும்பம். சின்னவள் ஏழு கிணற்றையும் கையை விட்டு வரிசைப்படுத்திக் கொப்பியில் எழுதினாள். பெரியவன் வேறு வரிசை சொன்னான், சண்டை வந்தது. ஆக, அரை மணித்தியாலம் சத்தமில்லாமல் இருப்பார்கள் என்ற கணக்கு மட்டும் பிழை.

இரண்டாம் நாள் ரன்கிஹிரிய. ஐந்து மணிக்குக் கிளம்பவேண்டும் என்றேன், அண்ணன் ஐந்தே முக்காலுக்குப் பல் தீட்டினார். கோமரங்கடவல தாண்டி ஒரு வளைவில் சாணம். ஆவி பறக்கிறதா என்று நான் இறங்கிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், மேலே மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் நின்று, இடப்பக்கம் கையைக் காட்டினார். நூறு யாருக்கு அப்பால் நிற்கிறது, காதை ஆட்டிக்கொண்டு. சாணத்தைப் பார்க்கச் சொன்னவர் சுற்றிவரவும் பார்க்கச் சொல்லியிருக்கலாம், அண்ணை. இருபது நிமிடம் எஞ்சினை அணைத்துவிட்டு இருந்தோம். அண்ணன் ஒரு வீடியோவும் எடுக்கவில்லை. கையெல்லாம் நடுங்கியதாம்.

மூன்றாம் நாள் இரவு லக்கலவில். நாலாம் நாள் விடிய மேலே. பிட்டவலவில் காற்று சின்னவளின் தொப்பியைக் கொண்டுபோய்விட்டது, அது இப்போது மாத்தளைப் பக்கமோ மகாவலிப் பக்கமோ தெரியாது. பெரியவன் கீழே நீர்த்தேக்கத்தைக் காட்டி, அதற்குள் டவுன் இருக்கிறதென்றால் அந்த ஆட்கள் எங்கே என்று கேட்டான். முதல் நாள் இரவு சாப்பிட்ட கடைக்கார அம்மா அந்த டவுனில் இருந்தவர் என்று சொன்னேன். திரும்பி வரும்போது அந்தக் கடையில் நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தான். ஒன்றும் கேட்கவில்லை, ஒரு மாலுபாண் (மீன் வைத்த பணிஸ்) மட்டும் வாங்கினான்.

பழைய ஜீப் அண்ணை தனியாக வழி சொல்லி அனுப்பியிருந்ததால், ரன்கிஹிரிய போன அன்று அந்த லாண்ட்மாஸ்டர் ஐயாவின் வீட்டுக்கும் போனோம். அவர் வயலுக்குப் போயிருந்தார், அவருடைய மனைவி இருந்தார். உப்புவெளியிலிருந்து கொண்டுபோன கட்டாக் கருவாட்டைக் கொடுத்தோம். பார்சலை மணந்து பார்த்துச் சிரித்தார். வரும்போது ஜீப்பில் ஒரு பூசணிக்காய் இருந்தது, எப்போது வைத்தார் என்று தெரியாது.

இப்போது ஒரு பிரச்சினை. அந்தப் பார்சலிலிருந்து உப்புத்தண்ணீர் வடிந்து பின் சீட்டுக்கடிக் கம்பளத்தில் ஊறிவிட்டது. மூன்று தரம் கழுவிக் காயவைத்தேன், மணம் போகவில்லை. வாடகை ஜீப், நாளை பத்து மணிக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

மஸ்கெலியா மழை

தேசிக்காய்ச் சாற்றில் துடைத்துவிட்டு, ராத்திரி முழுக்கத் தேயிலைத்தூளைக் கம்பளத்தில் தூவி வையுங்கள். நல்ல காய்ந்த தூள், பாவித்த சக்கை இல்லை.

பழைய ஜீப்

கோப்பித்தூள். கண்ணாடியை இரண்டு விரல் திறந்து விடுங்கள். பூனை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.